கடலின் காலமும் மொழியின் காலமும்

கொச்சித் துறைமுக வாயிலின் வடகரையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது வைப்பின் தீவு. மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்தது என்றும், கொச்சியின் வாயில் அகன்றது என்றும், ஆறு கொணர்ந்த மணலும் சேறும் படிந்து இத்தீவு உருவாயிற்று என்றும் கூறுவது மரபு. அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக் கணக்கும் இப்பகுதியில் வழங்கியது. நீரோட்டம் ஒன்றே மக்களின் காலக் கணக்குக்கு முதற்புள்ளியாக அமைந்தது இங்கேதான்.

இன்று நீரின் ஓட்டத்தைக் கணிப்பொறியில் உருவகித்துப் பார்க்கும் துறை ஒன்றும், மொழியில் வரும் காலக் குறிப்புகளைக் கணிப்பொறிக்குப் புரிய வைக்கும் துறை ஒன்றும் வளர்ந்துள்ளன. ஒன்று பொறியியலைச் சார்ந்தது; மற்றது இலக்கணத்தைச் சார்ந்தது. ஆயினும் கடலுக்குச் செல்வோரின் உயிர்ப் பாதுகாப்பில் இரண்டும் சந்திக்கின்றன.

முதலில் நீரோட்டத்தைக் காண்போம். கடற்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் உயரமும் வேகமும் அடுத்த சில நொடிகளில் எவ்வாறு மாறும் என்று கணக்கிடுவதே இதன் அடிப்படை. 1922-இல் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வானிலையை இவ்வாறு கணக்கிடும் முறையை நூலாக வெளியிட்டார். 1928-இல் கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூவி ஆகிய மூவர் இதற்கு ஒரு வரம்பைக் கண்டனர். அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தைவிடக் கணக்கின் காலப் படி நீண்டால், விடை நிலைகுலைந்துவிடும். அதே 1928-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான், பிரிஸ்டோ என்ற பொறியாளரின் முயற்சியால் மணல்திட்டு வெட்டப்பட்டு, 'பத்மா' என்ற கப்பல் கொச்சியின் உள் துறைமுகத்தில் நுழைந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 10 மீட்டர் ஆழமுள்ள நீரில் நீண்ட அலை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் செல்லும். கட்டத்தின் பக்கம் 100 மீட்டர் என்றால், காலப் படி 10 நொடிக்கு மேற்படலாகாது. 25 கிலோமீட்டர் நீள அகலமுள்ள பரப்பில் 62,500 கட்டங்கள் அமையும். ஒரு நாளின் நிலையை அறிய 8,640 படிகள் வேண்டும். ஆக, கட்டக் கணக்குகள் 54 கோடி. கட்டத்தைப் பாதியாகச் சுருக்கினால் வேலை எட்டு மடங்காகும். நுட்பம் கூடக் கூடச் செலவும் கூடுவது இதனாலேயே.

இவ்வகைக் கணக்கின் பயன் கண்கூடு. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயலில் பிறக்கும் பேரலைகள் சில நாட்கள் பயணம் செய்து, உள்ளூரில் காற்றே இல்லாத வேளையில் கரையேறுகின்றன. திருடனைப் போல் வருவதால் கேரள மக்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்றனர். வழியில் கழியும் அந்தச் சில நாட்களே முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் அவகாசம். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வறிவிப்புகளை வழங்கி வருகிறது.

ஆனால் கணக்கு முடிந்ததும் பணி முடிவதில்லை. விடை சொல்லாக வேண்டும். இங்கேதான் மொழியின் காலம் குறுக்கிடுகிறது. பேசும் காலம், நிகழ்ச்சிக் காலம், நோக்குக் காலம் என்று மூன்றை 1947-இல் ரைஷன்பாக் என்ற அறிஞர் பிரித்துக் காட்டினார். 'புயல் வருமுன் படகு கரை சேர்ந்திருக்கும்' என்ற சிறு வாக்கியத்திலேயே இம்மூன்றும் உள்ளன. இரு கால இடைவெளிகளுக்கிடையே 13 உறவுகள் மட்டுமே இருக்க இயலும் என்று 1983-இல் ஜேம்ஸ் ஆலன் வகுத்தார். இவற்றைக் கொண்டே கணிப்பொறி ஒரு வாக்கியத்தின் காலத்தைத் தேடுகிறது.

'அடுத்த 24 மணி நேரத்தில்' என்று அறிவிப்பு கூறுகிறது. அது எப்போதிலிருந்து? மாலையில் வெளியான செய்தியை மறுநாள் காலையில் கேட்பவர், தாம் கேட்ட நேரத்திலிருந்தே எண்ணுவார். 'வெள்ளி இரவு 2 மணி' என்பது பேச்சு வழக்கில் வெள்ளியின் தொடர்ச்சி; கடிகாரத்திலோ அது சனிக்கிழமை. வைப்பின் தீவின் வடகோடியிலுள்ள முனம்பம் துறையில் மலையாளிகளுடன் கன்னியாகுமரி மாவட்டத் தமிழ் மீனவரும், வடமாநிலத் தொழிலாளரும் உழைக்கின்றனர். இந்தியில் 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைமுற்றே பொருளை முடிவு செய்யும். வேலியேற்றமோ நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. எனவே கடலைப் பொறுத்தவரை 'நேற்றைய அதே நேரம்' என்பது அதே நேரம் அன்று.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் இதன் விலையை உணர்த்தியது. எச்சரிக்கை வலுப்பெற்ற வேளையில் பல படகுகள் கரையின் தொடர்புக்கு அப்பால் சென்றுவிட்டிருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலும் எண்ணற்ற குடும்பங்கள் உழைப்பாளிகளை இழந்தன. அதன் பின், 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழி வரும் எச்சரிக்கையை அது நடுக்கடலில் கைப்பேசிக்கு அளிக்கிறது. ஆயினும் படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை. ஆகவே ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிய முடியாது. வரும் சொல்லே தெளிவாக இருந்தாக வேண்டும்.

செய்யத்தக்கவை சில உண்டு. ஒவ்வோர் எச்சரிக்கையிலும் வெளியான நேரம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றும் கிழமை, தேதியுடன் இடம்பெற வேண்டும். மொழிபெயர்ப்பைக் கணிப்பொறி செய்தாலும், துறையறிந்த ஒருவர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். மக்களிடமிருந்தும் செய்தி மேலே செல்ல வேண்டும். எறணாகுளம் மாவட்டக் கரையோர ஊர்களில் வேலியேற்ற நீர் வீடு புகும் நாட்களைக் குடும்பத்தினரே நாட்காட்டியில் குறித்துவைக்கும் முயற்சி நடந்துள்ளது. கணித மாதிரி சரியா, தவறா என்று சோதிக்க இதைவிட நல்ல ஆதாரம் அரிது. எந்தத் தோட்டின் வழியாக நீர் ஏறும், கடல் சுவர் எங்கே இடிந்துள்ளது என்பதை 100 மீட்டர் கட்டம் அறியாது. அங்கே குடியிருப்பவர் அறிவார்.

வலுமிக்க கணிப்பொறிகள் நாட்டில் பெருகி வருகின்றன. அவை தரும் விடை, முனம்பத்தில் வலையேற்றும் தொழிலாளிக்குப் புரியும் சொல்லில், புறப்படுமுன் வந்து சேருமானால், அதுவே அக்கணக்கின் நிறைவாகும்.