படம் பிடிக்கப் பழகுவோம்



நம்மில் பலர் வீட்டில் பாட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவும் அடையாளக் கார்டுக்கு எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டதாக இருக்கும். மரம் சீவிய அவர் கையோ, வாழ்ந்த லயத்து வீடோ அதில் இராது. இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசியிலேயே கேமரா இருக்கிறது. கருவி வந்துவிட்டது, பழக்கம்தான் வர வேண்டும்.

முதலில் வெளிச்சம். நண்பகல் வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது எடுத்தால், கண்குழியில் நிழல் விழுந்து முகம் கறுத்துப் போகும். காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ எடுங்கள். பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், பெரியவரை வாசல் நிழலில், முகம் வெளியே பார்க்கும்படி உட்கார வையுங்கள். வெளிச்சத்துக்கு முதுகு காட்டினால் முகம் இருண்டுவிடும்.

அடுத்தது அசையாமை. 1839-இல் பிரான்சில் டாகர் என்பவரின் முறை வெளிவந்தபோது, ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. இன்று நல்ல வெளிச்சத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கே போதும். என்றாலும் கை ஆடினால் படம் கலங்கும். கேமராவின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை ஒரு கணம் அடக்கி அழுத்துங்கள்.

மூன்றாவது, நிற்கும் இடம். பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதன் காலடியில் பிள்ளையை நிறுத்திவிட்டு, சிலை முழுவதும் விழ வேண்டுமென்று நாம் பின்னால் போனால், பிள்ளை எறும்பாகிவிடும். பிள்ளையையும் பின்னால் அழைத்து வந்து நமக்கு அருகில் நிறுத்த வேண்டும். அப்போது முகமும் தெரியும், முருகனும் தெரிவார்.

இவை விளையாட்டுக்கு மட்டும் அல்ல. சாலாக் செலாத்தானுக்கு அருகே, ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த புக்கிட் ஜாலிலில்தான் 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தன. தோட்டம் மறையும்போது லயமும் கோயிலும் மறைகின்றன. நாம் எடுத்து வைத்த படம்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சாட்சி.

கைப்பேசி பழுதானால் படமும் போய்விடும். நல்ல படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பெயர், இடம், ஆண்டு எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படம் பிடியுங்கள். அதில் அவர் கைகளும் தெரியட்டும்.