அண்ணன் கையில் கிராண்ட். தங்கைக்கு என்ன வழி?

தந்தை இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டு நிலத்தின் கிராண்ட் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதை மூத்த மகன் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரும் அவரே. தங்கை கேட்டபோது, "அம்மா இருக்கும்போது பங்குப் பேச்சு எதற்கு?" என்றார். இப்போது அம்மாவும் இல்லை. "கல்யாணம் ஆகிப் போனவளுக்கு என்ன பங்கு?" என்பது புதிய பதில்.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இது பழகிப்போன கதை. ஆனால், அண்ணன் சொன்ன எதற்கும் சட்டத்தில் இடமில்லை.

உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. பெற்றோர் உயிருடன் இல்லாத ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுச் சென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதமில்லை. தாலி ஏறியதால் மகளின் பங்கு போய்விடுவதுமில்லை. மேலே சொன்ன குடும்பத்தில் தாய்க்கு ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் ஒவ்வொன்று. தாயும் உயில் இல்லாமல் இறந்துவிட்டதால் அவர் பங்கு இருவருக்கும் சமமாகப் பிரிந்து, கடைசியில் ஆளுக்குப் பாதி. ஆனால் இப்போது தீர்க்க வேண்டியது ஒரு மரணத்தின் சொத்தையல்ல, இரண்டு மரணங்களின் சொத்தை. நாளை அண்ணனும் கண்ணை மூடினால் அண்ணியும் அவர் பிள்ளைகளும் பங்குதாரர்களாக வந்து சேருவார்கள். தள்ளிப்போடுவதால் ஏறும் கணக்கு இதுதான்.

அடுத்த தவறான எண்ணம், மூத்த மகன்தான் மனுச் செய்ய வேண்டும் என்பது. தீபகற்ப மலேசியாவில், உயில் இல்லாத, நிலமும் அடங்கிய, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்போகாத சொத்து 'சிறு சொத்து' எனப்படுகிறது. 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சம். நிலம் இருக்கும் மாவட்டத்தைக் கவனிக்கும் பூசாக்கா பங்கீட்டுப் பிரிவில் 'போராங் ஏ' பாரத்தை எந்த வாரிசும் கொடுக்கலாம். தங்கையும் கொடுக்கலாம். அண்ணனின் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிராண்ட் கிடைக்கவில்லையா? நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் சான்று எடுக்கலாம்.

விசாரணைக்கு எல்லா வாரிசுகளுக்கும் அழைப்பு போகும். உடன்பாடு வந்தால் நல்லது. வராவிட்டாலும் சட்டப் பங்கின்படி அதிகாரி உத்தரவிட முடியும். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் காரியமே நின்றுவிடும் என்று பயந்து வீணாகும் வருடங்களே அதிகம்.

நிலமே இல்லாமல் வங்கிச் சேமிப்பு போன்றவை மட்டும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் அமானா ராயாவை அணுகலாம். உயில் இருந்தால் உயர் நீதிமன்றம். முஸ்லிம் அல்லாதவரின் ஊழியர் சேமநிதிப் பணம் பெயர் குறிப்பிடப்பட்டவருக்கே போகும். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தாமதத்தில் இன்னொரு வகை உண்டு. நிர்வாகி நியமிக்கப்பட்டிருப்பார், ஆனால் பங்கு பிரிக்கமாட்டார். இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிரிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1959ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. கடன் அடைக்க, சொத்தைத் திரட்ட அந்த அவகாசம் நியாயமானதே. அதற்குப் பிறகும் இழுத்தடித்தால், முதலில் எழுத்து மூலம் கணக்குக் கேட்க வேண்டும். வாய்ச் சண்டை எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாகாது. பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றம் போய், வாடகை வரவு உட்பட கணக்கைச் சமர்ப்பிக்கவும் பங்கைப் பிரிக்கவும் உத்தரவு கோரலாம். தகுந்த காரணம் இருந்தால் நிர்வாகியின் அதிகாரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். உயில் இல்லாத சொத்துக்கு உயர் நீதிமன்றம் நியமித்த நிர்வாகி, நீதிமன்ற அனுமதியின்றி நிலத்தை விற்கவும் கூடாது.

இதையும் ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட முடியாது. இறந்தவரின் சொத்தில் பங்கு கேட்டு வழக்குத் தொடரப் பொதுவாக 12 ஆண்டுகள்தான் கெடு. மோசடி போன்றவற்றில் விதி வேறு. அதை வழக்கறிஞரிடம் கேட்பதே உத்தமம். அதோடு, நிலவரி கட்டாமல் நோட்டீஸ் வந்தும் அசட்டையாக இருந்தால் மாநில அரசு நிலத்தையே பறிமுதல் செய்யலாம். அண்ணன் கட்டுவார் என்று தங்கையும், பங்கு கேட்கிறவள் கட்டட்டும் என்று அண்ணனும் இருந்தால், இருவருக்கும் நிலம் இல்லை.

உத்தரவு கிடைத்ததும் அந்தத் தாளைப் பெட்டியில் வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நில அலுவலகத்தில் பதிவாகும்வரை கிராண்டில் இருப்பது அப்பாவின் பெயர்தான். தங்கை இப்போது எடுக்க வேண்டியவை: இருவரின் மரணச் சான்றிதழ்கள், தன் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, தேடல் சான்று. இவற்றில் ஒன்றுகூட அண்ணனின் அலமாரிக்குள் இல்லை.