பிறர்க்கு எழுதும் கட்டுரையில் படமும் இணைப்பும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கொழுந்து பறித்த கைகளின் பிள்ளைகள் இன்று எழுத்தையும் தொழிலாகக் கொள்ளலாம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்தவாறே, கடல் கடந்த நிறுவனங்களுக்குக் கட்டுரை எழுதி ஊதியம் பெற இணையம் வழி திறந்துள்ளது. விற்பனைப் பொருள்களைப் பற்றி எழுதும்போது சொல் நம்முடையது. ஆனால் அதனோடு சேர்க்கும் படம் யாருடையது? வாசகரைக் கடைக்கு அழைத்துச் செல்லும் இணைப்பினால் ஆதாயம் யாருக்கு? இவ்விரு வினாக்களையும் சற்றே சிந்திப்போமாக.

முதலாவது, படம். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டார். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தோன்றியது. கூடை சுமந்த நம் தாய்மாரின் உருவம் விளம்பரங்களிலே உலகெங்கும் சென்றது. ஆனால் அப்படங்களின் கீழ் அவர்கள் பெயரைக் காண்பது அரிது. பிறர் உழைப்பையும் உருவத்தையும் கேளாமல் எடுப்பது எத்தகையது என்பதை நமக்கு வேறொருவர் உரைக்கவும் வேண்டுமோ?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்திற்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. பதிவு செய்தல் வேண்டியதில்லை. படம் தோன்றியவுடனே உரிமையும் தோன்றுகின்றது. படைத்தவர் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். ஆகவே, தேடியபோது கிடைத்தது என்பது அனுமதியாகாது. 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' உரிமத்தில் வரும் படங்களிலும் வேறுபாடுண்டு. சிலவற்றிற்குப் படைத்தவர் பெயரைக் குறித்தாற் போதும். சில வணிகத்திற்கு உதவா. விற்பனைக் கட்டுரை வணிகமே அன்றோ?

தேயிலைப் பெட்டியின் சிங்க இலச்சினையையும் நினைவிற் கொள்க. அது இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முற்றிலும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதற்கே அது உரித்து. கலப்புத் தேயிலையைப் பற்றிய கட்டுரையில் அழகுக்காக அதனைச் சேர்த்தால், ஒரு வரி எழுதாமலே பொய் சொன்னவராவோம்.

இரண்டாவது, இணைப்பு. வாசகர் அதன் வழியே சென்று பொருள் வாங்கினால், சில வேளைகளில் எழுதியவர்க்கோ எழுதுவித்தவர்க்கோ தரகுப் பணம் கிடைக்கும். தரகு பெறுவது குற்றமன்று. அதனை மறைப்பதே குற்றம். தரகு பெறுவோர் அதனை வாசகர்க்குத் தெளிவாக அறிவித்தல் வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவின் நெறி. அமேசான் நிறுவனமும் தன் தரகர்களிடம் அவ்வறிவிப்பைக் கோருகின்றது. பணம் பெற்ற இணைப்புகளைக் குறிப்பதற்கென்றே கூகுள் 2019இல் 'ஸ்பான்சர்ட்' என்னும் தனி அடையாளத்தை ஏற்படுத்தியது.

இளைஞர்காள்! வேலையை ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படத்தை யார் தருவார்? அதற்கான உரிமப் பணத்தை யார் செலுத்துவார்? இணைப்பில் தரகு உண்டெனின் அதனை எங்கே அறிவிப்பார்? விடையை எழுத்திலே பெறுங்கள். ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எவரிடமிருந்து, எந்த நிபந்தனையில், எந்நாளிற் கிடைத்தது என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். பிணக்கு எழும் நாளில் அக்கொப்பியே துணை. இயன்றவிடத்துப் படத்தை நீங்களே எடுங்கள். மலையிற் கொழுந்து பறிக்கும் அக்காவைப் படம் எடுப்பின், எதற்காக என்று சொல்லி அவர் சம்மதத்தைப் பெறுங்கள். அவர் விரும்பினாற் பெயரையும் குறியுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். லயத்து வீட்டிலே அந்த ஊதியத்தின் அருமையை நாம் அறிவோம். எனினும், தரகை மறைக்கச் சொன்னார்கள், ஆதலால் அவ்வேலையை விட்டேன் என்று பிள்ளை வந்து நிற்பின், வந்த காசை இழந்தாயே என்று கடிந்து கொள்ளாதீர்கள். பெயரின்றி விற்கப்பட்ட உருவங்களின் வழித்தோன்றல்கள் நாம். பிறர் பொருளைப் பெயரின்றி விற்கும் குற்றம் நம்மிடத்து நேராதிருக்கட்டும்.