கச்சேரி வந்த ஊர்



மலையகத்து ரயில் 1924இல் பதுளைக்கு வந்தது. வந்ததோடு சரி, அதற்கப்பால் போகவில்லை. மொனராகலைக்குப் போக வேண்டுமானால் பசறை வழியாக பஸ்தான். இறங்க இறங்கத் தேயிலை மறையும், ரப்பர் தொடங்கும், ஜன்னலோரக் காற்றிலும் சூடு ஏறும்.

1959 வரைக்கும் மொனராகலை பதுளை மாவட்டத்தின் ஒரு மூலைதான். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், அலுவல் இருந்தால் பதுளைக்கு மலையேறித்தான் ஆக வேண்டும். தனி மாவட்டம் ஆனதும் கச்சேரி இங்கேயே வந்தது. அதன் பின்னாலேயே வங்கி, சாப்பாட்டுக் கடை எல்லாம் வந்தன; மனு எழுதுபவரும் வந்தார். கொழும்பிலிருந்து வெல்லவாய வழியாக மட்டக்களப்புக்கு ஓடும் ஏ4 வீதி ஊரை வளர்த்தது என்பார்கள். என்னைக் கேட்டால், வீதியைவிடக் கச்சேரிக்கே அதில் பங்கு அதிகம்.

இந்தப் பக்கம் முன்பு வெல்லஸ்ஸ என்ற நெல் விளையும் நாடு. 1817-18 கிளர்ச்சியை அடக்கிய வெள்ளைக்காரப் படை வயலையும் குளத்தையும் அழித்துவிட்டுப் போனது. பல தலைமுறைக்கு அந்த அடியிலிருந்து ஊர்கள் எழவில்லை. பின்னால் மரகல மலையடிவாரத்தில் ரப்பர் போட்டார்கள்; பால் வெட்டத் தமிழகத்து வழிவந்த குடும்பங்கள் வரிசை வீடுகளான லயங்களில் குடியேறின.

பால்வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையைச் சரிவாக, மெல்லியதாகச் சீவ வேண்டும்; கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், கங்காணியிடம் ஏச்சும் விழும். விடியும்போது மழை பிடித்தால் அன்றைக்கு வேலைப் பதிவில் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை.

நகரம் வளர்ந்து வளர்ந்து இன்று தோட்டத்து எல்லையைத் தொட்டு நிற்கிறது. குமாரவத்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். லயத்துப் பிள்ளைகள் நகரத்துக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். புறநகர் என்று சொல்ல வேறென்ன வேண்டும்? ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது புறநகர் அல்ல, தோட்டம். இந்தியாவுடன் செய்த 1964 ஒப்பந்தத்தால் அங்கிருந்த சொந்தங்களில் பலர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களில் நாடற்றவராய் இருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. பிரதேச சபைக்கு வாக்குப் போட்டார்கள். வென்றவர் தோட்டத்துப் பாதைக்குக் கல் போட நினைத்தாலோ, 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் குறுக்கே நின்றது. வாக்குக் கேட்டு வர மட்டும் எந்தத் தடையும் இருக்கவில்லை!

அந்தச் சட்டத்தை 2018இல்தான் திருத்தினார்கள். இப்போது சபைப் பணத்தில் தோட்டத்துக்குள்ளும் பாதை போடலாம், விளக்குப் போடலாம். கடிதம் மட்டும் மலையகத்தின் பல தோட்டங்களில் இன்னும் தோட்டத்து ஆபிசுக்குத்தான் போகிறது. நேர்முகப் பரீட்சைக்கு வந்த அழைப்பு, திகதி முடிந்த பிறகு லயத்துக்கு வந்து சேர்வதும் உண்டு.