கைநாட்டும் கையொப்பமும்



கடல் கடந்து பிழைக்கச் செல்ல விரும்பும் இளைஞர்கள் நம் சமுதாயத்தில் இன்று பலர் உள்ளனர். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் நாம், எந்த விசாவில் செல்கிறோம், அது எந்த உரிமையைத் தருகிறது என்று கேட்பது அரிதாகவே உள்ளது. இதனை விளக்க ஒரு தீவை எடுத்துக்கொள்வோம். கரீபியன் கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ள குவாதலூப் தீவே அது.

1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு ஆட்களைத் தேடலாயினர். 1854 டிசம்பரில் இந்தியத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற முதற் கப்பல் அத்தீவை அடைந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் தமிழர் பலர்; சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்ப எண்ணிய ஒடுக்கப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படிக்க இயலாதவர்கள் அதில் கைநாட்டு வைத்தனர். ஊர் திரும்பாமலே மாண்டோர் பல்லாயிரவர்.

அவர்தம் பிள்ளைகள் அம்மண்ணிலேயே பிறந்தும் வாக்குரிமை மறுக்கப்பட்டனர். அத்தீவின் கப்பேஸ்தேர் என்னும் ஊரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், அவ்வுரிமைக்காக 1904-இல் தொடங்கிய வழக்கை 1923 வரை நடத்தி வென்றார். தாளில் எழுதப்பட்டதைப் படித்தறிந்த ஒருவர் தம் மக்கள் அனைவருக்கும் வழி திறந்தார் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

இன்றைய நிலை என்ன? 1946 முதல் குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டமாக உள்ளது. எனினும் அது ஷெங்கன் எல்லைக்குள் சேராது. ஆகவே பாரிசுக்குப் பெற்ற குறுகியகால ஷெங்கன் விசா மட்டும் அங்கே செல்லப் போதாது. அத்தீவுக்கெனக் குறித்த விசா வேண்டும். தொண்ணூறு நாள்களுக்கு மேல் தங்குவதாயின், புறப்படுமுன்னரே நீண்டகால விசா பெற வேண்டும். அதற்குரிய வழிகள் சில.

முதலாவது, கல்வி. அந்தீல் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று அத்தீவில் உள்ளது. மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலையும் செய்யலாம்.

இரண்டாவது, வேலை. வேலை தருபவரே முதலில் அரசின் அனுமதி பெற வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்துக்கும் காலவரையற்ற ஒப்பந்தத்துக்கும் வெவ்வேறு அனுமதி அட்டைகள் தரப்படுகின்றன. எது நம் கையில் உள்ளது என்பதை அறிதல் இன்றியமையாதது.

மூன்றாவது, குடும்பம். முறைப்படி பதினெட்டு மாதங்கள் வாழ்ந்தவர், போதிய வருவாயும் வீடும் இருப்பின், மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம்.

நான்காவது, வருகையாளர் விசா. சேமிப்பில் வாழ வல்லவர்க்கே இது பொருந்தும். அங்கே வேலை செய்வதில்லை என்று உறுதிமொழி தர வேண்டும்.

பொதுவாக ஐந்தாண்டுகள் அங்கே வாழ்ந்தோர் குடியுரிமை கோரலாம். பிரெஞ்சு உயர்கல்வியில் ஈராண்டு முடித்துத் தேறியோர்க்கு அது இரண்டாண்டாகக் குறையும். 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல் மொழித் தேர்ச்சியின் அளவு உயர்த்தப்பட்டுள்ளது. ஆதலால் பிரெஞ்சு மொழி கல்லாதார்க்கு அங்கே நிலையான வாழ்வு கிட்டுவது கடினம்.

"சுற்றுலா விசாவில் போய்ச் சேருங்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறும் தரகரை நம்பவேண்டா. அவ்வாறு சென்று வேலை செய்பவர் சம்பளம் மறுக்கப்பட்டாலும் முறையிட அஞ்சுவர். குவாதலூப்பில் வெளியேற்ற ஆணை பிறந்தால், மேல்முறையீடு செய்ததனால் மட்டும் அது தானாக நின்றுவிடாது. வளைகுடா நாடுகள் போன்றவற்றுக்குச் செல்லும், பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர்க்கு நம் அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பிரான்சுக்கு அவ்விதி இல்லை. ஆகவே ஒப்பந்தத்தைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதே.

அண்ணல் அம்பேத்கரும் 1913-இல் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டே கடல் கடந்தார். பரோடா அரசின் உதவிக்கு ஈடாக, திரும்பி வந்து பத்தாண்டு பணியாற்ற வேண்டும் என்பது அதன் விதி. தாம் ஏற்கும் கடமை இன்னதென்று அறிந்தே அவர் ஒப்பமிட்டார்.

ஆகவே இளைஞர்களே! புறப்படுமுன் பிரெஞ்சு மொழி பயிலுங்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் அதற்கு நிலையங்கள் உள்ளன. முகவர் அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்த்துத் தரக் கேளுங்கள். படி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். விசாவிலுள்ள சொல்லும் ஒப்பந்தத்திலுள்ள சொல்லும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தறிவித்து வந்ததன் பயன் வெறும் தேர்ச்சிச் சான்றிதழோடு முடிந்துவிடலாகாது. நம் பிள்ளை எவரும் படிக்காத தாளில் இனிக் கைநாட்டு வையார், கையொப்பமும் இடார் என்னும் நிலையை எய்துவோம்.