பட்ட மூங்கிலும் இரண்டு பெயர்களும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சுற்றுலாவில் பேராதனைப் பூங்காவுக்குப் போன எமக்கெல்லாம் மகாவலிக் கரையில் நிற்கும் இராட்சத மூங்கில் நினைவிருக்கும். அதனடியில் பட்டு விழுந்து கிடக்கும் தண்டுகளைப் பற்றியே, தாவரவியல் படித்த நாம் சிலர் இன்று பேச வந்தோம்.

பட்ட தண்டை விரலால் தடவினால் நார்ப்போக்கில் சிறு கறுப்பு மேடுகள் தட்டுப்படும். பிளேட்டால் மெல்லியதாகச் சீவி, ஒரு துளி நீரில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். சிலவற்றில் பை போன்ற உறைகளும், ஒவ்வொன்றினுள்ளும் எட்டு வித்திகளும் தெரியும். வித்தி இரு கலமுடையது. ஒரு கலம் பெரிது, மற்றது மிகச் சிறிது. இது அப்பியோஸ்போரா. அதே தண்டில் வேறோரிடத்தில் கரித்தூள் போலப் படிந்திருப்பதை எடுத்துப் பார்த்தால், மைசூர்ப் பருப்பு வடிவான கபில நிற வித்திகள். விளிம்பைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று ஓடும். இது ஆர்த்ரினியம்.

இரண்டும் ஒரே பங்கசாக இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. முதலாவது இலிங்கமுறை இனப்பெருக்க நிலை, இரண்டாவது இலிங்கமில்முறை நிலை. ஆர்த்ரினியம் 1817இலும் அப்பியோஸ்போரா 1875இலும் வைக்கப்பட்ட பெயர்கள். ஒன்றுக்கு இரு பெயர் வைக்க அன்றைய விதிகள் இடமளித்தன. 2011இல் மெல்பேர்ணில் கூடிய தாவரவியலாளர் ஒரு பங்கசுக்கு ஒரு பெயரே என்று முடிவுசெய்தனர். 2013இல் இரண்டையும் ஆர்த்ரினியம் என்றே சேர்த்தார்கள். 2021இல் மரபணு ஆய்வு அவற்றை மறுபடி பிரித்தது. குளிர்நாடுகளில் கோரை வகைகளில் வளர்பவை ஆர்த்ரினியமாகவே நின்றன. புல்லினங்களில் வளர்பவை பெரும்பாலும் அப்பியோஸ்போராவாயின. மூங்கிலும் புல்தானே!

ஆகவே எந்தத் தாவரத்தில், எந்த இடத்தில் வளர்ந்தது என்பதும் பாகுபாட்டுக்கு ஒரு சான்று. வித்தியின் வடிவம் மட்டும் எப்போதும் போதாது. சுட்டுத்துண்டில் வெறுமனே 'மூங்கில்' என்று எழுதும் வழக்கம் எமக்குப் பிடிப்பதில்லை. பேராதனையின் இராட்சத மூங்கில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதன் பங்கசும் கூடவே வந்திருக்கலாம். ஈரவலயத்து ஒக்லாண்ட்ரா ஸ்திரிடூலாவோ இலங்கைக்கே உரியது. அதில் வளர்வது உலகில் வேறெங்கும் இல்லாததாகவும் இருக்கலாம்.

துவைற்ஸ் பேராதனையிலிருந்து அனுப்பிய பங்கசுக்களை பேர்க்லியும் புறூமும் இங்கிலாந்தில் விவரித்தார்கள். பின்னர் பெட்ச் பேராதனையிலிருந்தே அப்பணியைத் தொடர்ந்தார். அவரும் பிஸ்பியும் தொகுத்த இலங்கைப் பங்கசுப் பட்டியல் 1950இல் வெளியானது. இன்று ஒரு பெயரில் ஐயம் எழுந்தால் காய்ந்த மாதிரியையும் அதன் சுட்டுத்துண்டையும்தான் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லூரி ஆய்வுகூடத்துக்கு மூங்கில் துண்டு கொண்டுவரும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். பொலித்தீன் பை வேண்டாம், வேறு பூஞ்சணம் பிடித்துவிடும். நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் இடுங்கள். மூங்கிலின் இனம், இடம், திகதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். இனம் தெரியாவிட்டால் அதே மூங்கிலின் இலையொன்றையும் தண்டின் மடலொன்றையும் கூடவே வையுங்கள்.