இரண்டாயிரம் டாலருக்கு அடுத்த வரி

மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க என்னை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது அமைப்பாளர்களின் பெருந்தன்மை. கொஞ்சம் உதறலோடுதான் தொடங்குகிறேன்.

சிறு திறமூலத் திட்டங்களின் நிதியும் வெளிப்படைத்தன்மையும் நம் பொருள். நன்கொடை, மானியம், நிறுவன ஆதரவு என்ற வகைப்பாடு உங்களுக்கு மனப்பாடம். 2024இல் ஜெரோதா நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்த நிதி பற்றிப் பிற்பகல் அமர்வில் பேசுவார்கள். நான் பழைய வழக்கு ஒன்றைக் கையில் எடுக்கிறேன்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தது. பாதி இணையம் நம்பியிருந்த மறையாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டு நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர்தான் என்று அறிந்து உலகமே உச்சுக்கொட்டியது. அந்த எண் இல்லாத கட்டுரை நம் துறையில் உண்டா? அதை எழுதிச் சொன்னவர், திட்டத்தின் பணவிவகாரங்களைப் பார்த்துக்கொண்ட ஸ்டீவ் மார்க்கெஸ். அதே எழுத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: ஆதரவு ஒப்பந்தங்களையும் ஆலோசனைப் பணியையும் கொண்டு ஓடிய அமைப்பின் மொத்த வருவாய் எந்த ஆண்டும் 10 லட்சம் டாலரைத் தாண்டியதில்லை. உண்மைத் தொகை அதில் இல்லை, உச்சவரம்பு மட்டுமே. ஆனாலும் நன்கொடையை நம்பி அடுப்பெரிந்த வீடல்ல அது என்பது விளங்குகிறது.

பணம் எதற்கு வந்தது? அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கு மறையாக்க மென்பொருள் விற்க ஃபிப்ஸ் 140 சான்று வேண்டும். அதற்கான வேலைக்கு நிறுவனங்கள் காசு கொடுத்தன. வெளியாள் அனுப்பிய நிரலை வரிவரியாகப் படிக்க யார் ஒப்பந்தம் போடுவார்? 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்ட அப்படியொரு நிரலில் நீளச் சரிபார்ப்பு ஒன்று விடுபட்டிருந்தது. அதுதான் ஹார்ட்பிளீட். 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு அது ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. வறுமையே காரணம் என்போர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். காசு போன திசைதான் காரணம் என்பது என் கட்சி.

அந்தத் திசை தெரியக் கணக்குக் கேட்டாக வேண்டும். இருவர் நடத்தும் திட்டத்திடம் கணக்குக் கேட்பது கொடுமை என்று நண்பர் ஒருவர் முன்பு வாதிட்டுக் கைதட்டல் வாங்கினார். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்தக் கைதட்டல்மீதுதான் இல்லை. டெபியன், போஸ்ட்கிரெஸ் போன்ற திறமூலத் திட்டங்களின் பணத்தை வைத்துக் காக்கும் எஸ்.பி.ஐ. அமைப்பு 1997இல் தொடங்கியது. நன்கொடையில் 5 விழுக்காடு எடுத்துக்கொண்டு கணக்கெழுதும் பாரத்தைத் தானே சுமக்கிறது. அதன் பொருளாளர் அறிக்கைகளில் ஒவ்வொரு திட்டத்தின் இருப்பும் தனித்தனியே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அவற்றைப் புரட்டியிருக்கிறோம்? பேட்டி எடுக்கப் பறக்கிறோம், பேரேடு சும்மா கிடக்கிறது.

ஆனால் இருப்பு மட்டும் தெரிந்து பயனில்லை. யார் கொடுத்தார்கள், எந்த வேலைக்கு என்பதும் அந்தப் பக்கத்திலேயே வேண்டும். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச்சுருக்க மென்பொருளில் நுழைந்த பின்கதவைக் காட்டி என்னை மடக்கலாம். களைத்துப்போன பராமரிப்பாளரின் தனிமை எந்தக் கணக்கிலும் ஏறாதுதான். அங்கே என் வாதம் செல்லாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் செல்லும்.

முதல் கட்டுரையாளரின் சுருக்கத்திலும் அந்த 2,000 டாலர் இருக்கக் கண்டேன். மார்க்கெஸின் அடுத்த எண்ணையும் சேர்த்துப் பேசும்படி கேட்டு அவரை அழைக்கிறேன்.